கழற்றுவது குற்றம்

ஹார்லோ நாட்ச் ஊரில் அம்மணமாக இருப்பது குற்றமில்லை. பொது இடத்தில் துணியைக் கழற்றுவதுதான் குற்றம். வெர்மான்ட் மாநிலச் சட்டம் முதலாவதைத் தடுக்கவில்லை என்று ஊர் வக்கீல் கையை விரித்துவிட்டதால், இரண்டாவதையாவது தடுத்து வைப்போம் என்று மூன்று வருடத்துக்கு முன் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி விதி போட்டார்கள்.

அதிலிருந்து, ஜூன் மாதத்து அம்மண சைக்கிள் ஊர்வலத்துக்கு வருகிறவர்கள் ஊர் எல்லையில் ஒரு மாட்டுக்கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளேயே எல்லாவற்றையும் கழற்றி, உடம்பில் சாயம் பூசிக்கொண்டு, கதவு திறந்ததும் சைக்கிளோடு வெளியே வந்தார்கள். கான்ஸ்டபிள் லீலண்ட் ரெயோம் கதவோரம் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்.

“வெளிய வந்தப்புறம் காலுறைகூடக் கழட்டக் கூடாது. குளிருதுன்னு சட்டை போட்டுக்கிட்டீங்கன்னா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அது உடம்புலயே இருக்கணும். புரியுதா?”

“புரியுது ஆபீசர்!” என்று நூறு பேர் கத்துவார்கள். மூன்று வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் சிக்கவில்லை.

நான்காவது வருடம் சிக்கியவள் வெர்னா கோக்கி. அவளுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது.

வெர்னாவுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருடம். கல்குவாரிச் சாலையின் மேட்டில் தனியாக இருந்தாள். ஜூலை வெயிலிலும் மணிக்கட்டு வரை கை இறங்கிய, கழுத்து மூடிய கவுன்தான் உடுத்துவாள். இருபத்து மூன்று வயதில் முழங்கையில் காசளவு தொடங்கிய செதில்படை, முதுகு முழுக்கச் சிவந்த தீவுகளாகப் பரவியிருந்தது. சோரியாசிஸ், ஒட்டாது, போகவும் போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவன் இருந்தவரை அவன் பார்த்திருக்கிறான். அவன் போன பிறகு குளியலறைக் கண்ணாடி மட்டும். சமையலறை ஜன்னலில் தட்டை நீட்டி, “மிஸஸ் கோக்கி, இன்னும் கொஞ்சம் மக்ரோனி” என்று கேட்கிற நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் இல்லாவிட்டால் அவளிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அந்த ஜன்னல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை துணியும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வெர்னா வீட்டிலிருந்து இருநூறு கஜம் சரிவில் இறங்கி, சாலையோரத் தபால் பெட்டியைப் பார்க்கப் போனாள். மின்சார பில்லும் விதைக் கடை விளம்பரமும் இருந்தன. அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, மேலிருந்து ஒரு சைக்கிள் சரளைக்கல் தெறிக்க இறங்கி வந்தது. ஓட்டியவனின் தலையிலிருந்து கால் வரை பச்சைச் சாயம். முகத்தில் தவளை முகமூடி. வளைவில் முன்சக்கரம் வழுக்க, ஆள் பறந்துபோய்ப் பழைய முள்கம்பி வேலியில் விழுந்தான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். இடது தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்கு நான்கு விரல் மேலே, பச்சைக்கு நடுவே காயம் சிவப்பாக வாய் பிளந்திருந்தது. ரத்தம் குபுகுபுவென்று வந்தது.

“அசையாத. வீட்டுக்குப் போய் ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன்.”

“வேண்டாம் வெர்னா! போன் பண்ணாத!”

குரல் தெரிந்த குரல். முகமூடியைத் தூக்கினாள். ஆல்டன் ஸ்ப்ரேக். தீவனக்கடை ஆல்டன். அவள் தம்பியோடு படித்தவன், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். பள்ளி நிர்வாகக் குழுவின் ஐந்து பேரில் ஒருவன். கழற்றக் கூடாது என்ற விதிக்கு முதல் ஆளாகக் கைதூக்கியவனும் அவன்தான்.

“இதுதான் முதல் தடவை. சத்தியமா. எப்படித்தான் இருக்கும்னு ஒரே ஒரு தடவை… கூட்டத்தை முந்திப் போய்க் கழண்டுக்கலாம்னு வேகமா இறங்கினேன். என் வண்டி குவாரிக்குப் பின்னாடி நிக்குது. வெர்னா, இது தெரிஞ்சா நான் செத்தேன்.”

“இப்படியே விட்டாலும் செத்துத்தான் போவ, முட்டாளே.”

கட்டுப்போட என்ன இருக்கிறது? அவனிடம் ஒரு நூல்கூட இல்லை. அவளிடம் ஒரு மின்சார பில், ஒரு விளம்பரத்தாள். வீட்டுக்கு ஏறி இறங்கப் பத்து நிமிடம் ஆகும். அவள் யோசித்தது ஒரு மூச்சு நேரம். கவுனைத் தலைவழியாக உருவினாள். அதன் நீளக் கைகள் இரண்டையும் சேர்த்துத் தொடையைச் சுற்றி இறுக்கி முடிந்து, உள்ளங்கையால் காயத்தின் மேல் அழுத்தினாள். ஆல்டன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே அவள் கையைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

“யார்கிட்டயும் சொல்லமாட்டல்ல? வாக்குக் கொடு.”

“சொல்லமாட்டேன். பேசாம படு.”

ரத்தம் மட்டுப்பட்டபோது மேலே சைக்கிள் மணிகள் கேட்டன. ஊர்வலம் வளைவுக்கு வந்துவிட்டது. ஆல்டன் தவழ்ந்து கல்சுவருக்குப் பின்னால் போய்விட்டான். சைக்கிளையும் இழுத்துக்கொண்டான். வெர்னா சாலையோரம் உள்ளாடையோடு நின்றாள். அவளும் சுவர் தாண்டி ஒளிந்தால் எல்லோரும் அங்கேதான் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரத்தக் கையை வயிற்றோடு மறைத்துக்கொண்டு, தபால் பெட்டியைப் பார்த்து நின்றாள்.

“ஏய், இங்க பாருங்கப்பா! உள்ளூர் ஆளு ஒருத்தர் நம்மகூட சேந்துட்டாங்க!”

“வாங்க அம்மா, வாங்க! மிச்சத்தையும் கழட்டுங்க!”

“கழட்டக் கூடாதுடா, கான்ஸ்டபிள் புடிச்சிடுவாரு!”

மணிகள் அடித்தன, கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். இளஞ்சிவப்புத் தலைமுடிக்காரப் பெண் ஒருத்தி சைக்கிளை நிறுத்தி, “சூப்பர்மா நீங்க! உண்மையான தைரியம் இதுதான்!” என்று சொல்லிவிட்டுப் போனைத் தூக்கினாள். வெர்னா திரும்பவில்லை. திரும்பாததால் படத்தில் அவள் முதுகு முழுதாக விழுந்தது.

கூட்டம் போன பிறகு, வீட்டிலிருந்து ஒரு கோட்டையும் காரையும் எடுத்து வந்து, ஆல்டனை அவன் வண்டி நின்ற இடத்தில் கொண்டுபோய் விட்டாள். ஆற்றைத் தாண்டி, அடுத்த மாநிலத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். கவுன் அவன் தொடையிலேயே போயிற்று.

படம் அன்று சாயங்காலமே ஊருக்குள் வந்துவிட்டது. திங்கட்கிழமை லீலண்ட் ரெயோம் அளவு நாடாவோடு வந்தார்.

“மூணு புகார் வந்திருக்கு வெர்னா. நீயாதான் கழட்டினியா?”

“ஆமா.”

“தபால் பெட்டிக்கு அந்தப் பக்கமா நின்னியா, இந்தப் பக்கமா?”

“பக்கத்துல.”

சாலையின் நடுவிலிருந்து அளந்தார். மறுபடியும் அளந்தார். “பதினோரு அங்குலம் ஊர் நிலத்துல நின்னுருக்க. கொஞ்சம் தள்ளி உன் நிலத்துல நின்னிருக்கக் கூடாதா?”

“ஒருத்தன் ரத்தம் கொட்டிக்கிட்டுக் கிடந்தான் லீலண்ட்.”

“யாரு?”

வெர்னா தபால் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

“பேரு இல்லாத ரத்தத்த நான் எப்படி எழுதறது?” என்று சொல்லிவிட்டு எச்சரிக்கைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஊரின் முதல் சீட்டு. இலக்கம் ஒன்று.

பள்ளி ஊழியர் யாருக்குச் சீட்டு வந்தாலும் நிர்வாகக் குழு விசாரிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. குழுத் தலைவி கொரீன் பெல்ரோஸ் படிவம் அனுப்பினாள். விசாரணையை மூடிய அறையில் வைக்கலாம், அல்லது ஊரார் முன்னிலையில் வைக்கலாம். ஊழியர் விருப்பம். இரண்டு கட்டங்கள், ஒன்றில் குறி போட வேண்டும்.

படிவம் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நான்காம் நாள் காலையில் தபால் பெட்டியின் கொக்கியில் ஒரு காகிதப் பை தொங்கியது. உள்ளே அவள் கவுன். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கைகள் இரண்டும் மார்பின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ரத்தத்தின் சுவடே இல்லை. எழுதிய துண்டுக் காகிதம் எதுவும் இல்லை. வெர்னா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு கவனமாக இஸ்திரி போட்டவன் கைவிடமாட்டான் என்று நினைத்தாள். நான் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அவனே எழுந்து சொல்வான். மூடிய அறையில் ஐந்து பேருக்கு நடுவே ஒருவன் வாயை மூடிக்கொள்ள முடியும். நூறு பேர், அதுவும் என் கையால் சாப்பிட்டவர்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது. அந்த ஊரில் வளர்ந்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எதையும் எல்லோர் முன்னாலும் பேசித் தீர்ப்பதுதான் அங்கே நேர்மை.

‘ஊரார் முன்னிலையில்’ என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம் நிரம்பியிருந்தது. வெர்னா அதே கவுனை உடுத்திக்கொண்டு வந்தாள். மேசையின் பின்னால் ஐந்து பேர். கொரீன் நடுவில். வலது கோடியில் காக்கிக் கால்சட்டையோடு ஆல்டன், இடது காலை நேராக நீட்டி வைத்தபடி. அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான்.

கூட்டத்தில் இளஞ்சிவப்புத் தலைமுடிக்காரியும் இருந்தாள். அவளும் கூட வந்த நான்கு பேரும் ஒரே மாதிரி பனியன் போட்டிருந்தார்கள். பனியனில் வெர்னாவின் முதுகு. ஒவ்வொரு சிவப்புத் தீவும் தெளிவாக. கீழே ‘நாங்கள் எல்லோரும் வெர்னா’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

“உங்களுக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கோம்மா. லார்ஜ் சைஸ் சரியா இருக்கும்ல?” என்றாள் அவள். உண்மையான அன்போடுதான் கேட்டாள்.

லீலண்ட் சீட்டைப் படித்தார். பதினோரு அங்குலத்தையும் சொன்னார். ஒழுக்கம் பற்றிப் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கொரீன் அறிவித்தாள். இரண்டு பேர் பேசினார்கள். மூன்றாவதாக எழுந்த பெண், கையில் போனைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு உள்ளாடையப் பத்தி ஒண்ணும் இல்ல. வயசான காலத்துல ஏதோ பண்ணிட்டாங்க. என் கேள்வி வேற. இது என்ன முதுகுல?” என்றாள்.

அதுவரை பேசியதெல்லாம் இதைக் கேட்பதற்கான கனைப்பு என்று வெர்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

வெர்னா மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்தாள். கொரீன் உரக்கப் படித்தாள். ஒட்டாது. தொட்டால் வராது. உணவால் பரவாது.

“பரவாதுன்னு எங்களுக்கும் தெரியும்மா,” என்றார் ஒருவர். “நாங்க ஒண்ணும் படிக்காதவங்க இல்ல. ஆனா சாப்பிடணும்ல?”

“செதில் உதிருமா? அத மட்டும் சொல்லுங்க.”

“பத்தொம்பது வருஷமா மூடி மறைச்சாங்களே, அதுக்குப் பேரு என்ன?”

கூடவே வேலை பார்க்கும் ஜோலின் எழுந்தாள். வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வெர்னா மாதிரி சுத்தமான ஆளு கெடையாது,” என்றாள் ஜோலின் படபடப்போடு. “எப்பவும் கையுறைதான். ஒரு தடவ அடுப்புகிட்ட கைய மடிச்சப்ப நான் பாத்திருக்கேன். பாத்து வருஷக்கணக்காச்சு. நான் தப்பா நெனைக்கவே இல்ல. என் காப்பிக் கோப்பைய மட்டும் தனி அலமாரியில வச்சுக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. ஒரு நாள் முகம் சுளிச்சிருக்கேனா, நீங்களே சொல்லுங்க வெர்னா.”

அந்தக் கோப்பை வெர்னாவுக்குத் தெரியும். நீலக் கோப்பை. பேரப்பிள்ளை கொடுத்தது, உடைந்துவிடும் என்று உயரத்தில் வைத்திருக்கிறேன் என்று ஜோலின் சொல்லியிருந்தாள்.

“மிஸஸ் கோக்கி,” என்று கொரீன் கேட்டாள், “ரத்தம் வந்த ஒருத்தருக்குக் கட்டுப்போடத்தான் கழட்டினதா படிவத்துல எழுதியிருக்கீங்க. அத நிரூபிச்சா சீட்டு ரத்தாயிடும். படத்தையும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு ஆயிடும், இந்தப் பேச்சையே நான் நிறுத்திருவேன். யார் அது?”

வெர்னா ஆல்டனைப் பார்த்தாள். அவனாகச் சொல்ல நேரம் கொடுத்தாள். ஆல்டன் தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு மடக்கு குடித்தான். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். அவளுக்கு நெஞ்சு இளகியது.

“மிஸஸ் கோக்கி, உங்க சேவைக்கு நாங்க எல்லாரும் கடமைப்பட்டிருக்கோம்,” என்றான். “யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்னு நீங்க நெனைக்கறது உங்க பெருந்தன்மை. அத மதிச்சு இந்தக் கேள்விய விட்டுரலாம்னு எனக்குத் தோணுது.”

சாலையில் நீ என்றவன் இப்போது நீங்கள் என்றான். அந்த மரியாதைதான் அவளை உடைத்தது.

“நீதான் ஆல்டன்,” என்றாள். “உன் தொடையைத்தான் கட்டினேன். இதே கவுனால.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் பரவியது. ஆல்டனும் வருத்தமாகச் சிரித்தான்.

“அன்னிக்கு நான் மச்சான் வீட்டுக்குக் கூரை வேயப் போயிருந்தேன். ஏணியில சறுக்கி முட்டி பெசகிருச்சு, அதான் கால நீட்டி வச்சிருக்கேன். பாவம், மனசு நொந்து பேசறாங்க. நான் எதுவும் நெனைக்கல.”

“இடது தொடை. வெளிப்பக்கம். முட்டிக்கு நாலு விரல் மேல. தையல் இருக்கும். காட்டச் சொல்லுங்க கொரீன்! கால்சட்டைய இறக்கிக் காட்டட்டும். ஒரு நிமிஷம் ஆகாது!”

கொரீன் ஆல்டனைப் பார்த்தாள். நீட்டிய காலைப் பார்த்தாள். பார்வை அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றதை வெர்னா கண்டாள். பிறகு கொரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மேசையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினாள்.

“லீலண்ட், இது பொது இடமா?”

லீலண்ட் தொண்டையைச் செருமினார். “ஊரார் முன்னிலையில நடக்குற கூட்டம். கதவு திறந்திருக்கு. பொது இடந்தான்.”

“அப்ப யாரையும் ஆடைய விலக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அவரே சம்மதிச்சாலும் குத்தம். மூடின அறையா இருந்திருந்தா கேட்டிருக்கலாம், மிஸஸ் கோக்கி. கட்டம் போட்டது நீங்க.”

சிலர் கைதட்டினார்கள். பனியன் போட்ட ஐவரும் “வெட்கக்கேடு!” என்று கத்தினார்கள். ஆனால் யார் ஊர்வலத்தில் வந்தார்கள் என்று வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் கூட்டத்தின் கட்டுப்பாடு. பச்சைத் தவளையோடு கொட்டகையில் சாயம் பூசிக்கொண்டவர்கள் அந்த ஐவரில் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள். அவர்கள் வெட்கக்கேடு என்று மட்டும் கத்தினார்கள்.

வெர்னாவைச் சமையலறையிலேயே வைத்திருப்பது என்று ஒரு உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தார். அவரும் பக்கத்திலிருந்தவரும் ஆதரித்துக் கைதூக்கினார்கள். கொரீனும் இன்னொருவரும் எதிர்த்தார்கள். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் வலது கோடியைப் பார்த்தார்கள்.

“என் பேரு இதுல அடிபட்டதால நான் ஓட்டுப் போடறது முறையில்ல,” என்றான் ஆல்டன். “நான் விலகிக்கிறேன்.”

“சமமா இருந்தா தீர்மானம் தோத்தது,” என்றாள் கொரீன். “திங்கட்கிழமையிலேருந்து ஜிம்முல விரிக்கற பாயத் துவைக்கற வேலை. சம்பளத்துல மாத்தம் இல்ல. உணவு, பாத்திரம், பிள்ளைங்க பக்கம் போகக் கூடாது. சீட்டு அப்படியே இருக்கும். நன்றி, மிஸஸ் கோக்கி.”

விசாரணை முடிந்தால் குழுவினர் எழுந்து வந்து கைகுலுக்குவது அந்த ஊர் வழக்கம். நால்வர் மேசைக்குப் பின்னாலிருந்தே தலையசைத்துக்கொண்டார்கள். ஆல்டன் மட்டும் எழுந்து, மேசையைச் சுற்றி, நொண்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் பார்க்கக் கையை நீட்டினான். அவளைத் தொட அவன் அஞ்சவில்லை என்பதை ஊர் பார்க்க வேண்டும். ஊர் பார்த்தது. “நல்ல மனுஷன்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வெர்னா அந்தக் கையை வாங்கவில்லை. குனிந்து, தன் உள்ளங்கையை அவன் இடது தொடையின் வெளிப்பக்கத்தில், முழங்காலுக்கு நான்கு விரல் மேலே வைத்தாள். அன்று எப்படி அழுத்தினாளோ அப்படியே அழுத்தினாள். பிறகு கட்டைவிரலை உள்ளே கொடுத்துத் திருகினாள்.

ஆல்டன் அலறினான். மாடு அடிபட்டால் எழும்புகிற சத்தம். கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான். காக்கித் துணியின் மேல், அவள் விரல் இருந்த இடத்தில், கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தோன்றியது. காசளவானது. பிறகு உள்ளங்கையளவானது.

நூறு பேரும் அதைப் பார்த்தார்கள். ஜோலின் பார்த்தாள். போனைப் பிடித்திருந்த பெண் பார்த்தாள். கேட்டவுடன் கொடுத்த பதிலைப் போல அந்தக் கறை எல்லோர் முன்னாலும் விரிந்துகொண்டிருந்தது. வெர்னா காத்திருந்தாள்.

யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. இரண்டு பேர் ஆல்டனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். “ஏணியில பலமாத்தான் விழுந்திருக்க ஆல்டன்,” என்றார் அதில் ஒருவர், கறையைப் பார்க்காமல்.

கொரீன் நிகழ்ச்சி நிரலில் விரலை வைத்தாள். “அடுத்தது, ஜிம் கூரை ஒழுகற விஷயம்.”

லீலண்ட் ரெயோம் வெர்னாவிடம் வந்தார். வெளியே அழைத்துப்போக அவள் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டினார். கவுனின் துணிக்கு ஓர் அங்குலம் முன்னால் கை நின்றது. பின்னால் இழுத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தால் கதவைக் காட்டினார்.